ஒரே அறிகுறி, இரண்டு வண்டிகள்: பத்மினிக்கும் இன்றைய சிறிய காருக்கும் பழுது தேடும் வழிமுறை

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று என் தந்தையார் விட்டுச்சென்ற, 1980-களில் வந்த பிரீமியர் பத்மினி. 1089 சிசி என்ஜின், காற்றில் பெட்ரோலைக் கலந்து தரும் கார்பரேட்டர், ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்த கியர், பின்சக்கர இயக்கம் ஆகியவை கொண்டது. மற்றது, பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு வாங்கிய சிறிய பெட்ரோல் கார். இதில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது தீப்பொறி விழ வேண்டும், விசிறி எப்போது ஓட வேண்டும் என்பதையெல்லாம் ஈசியூ என்னும் கணினிப் பெட்டி முடிவு செய்கிறது.

இரண்டு வண்டிகளிலும் ஒரே அறிகுறி தோன்றுவதுண்டு. ஆனால் காரணத்தைத் தேடும் வரிசை இரண்டுக்கும் ஒன்றல்ல. பத்மினியில் பழகிய கையோடு புதிய காரைத் தொட்டால் பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டி ஒன்று கெடலாம். புதிய காரில் பழகிய மனத்தோடு பத்மினியை அணுகினால், இரண்டு நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்யக்கூடிய பாயிண்டை (பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் தொடுமுனை) பார்க்காமல் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டிருப்போம். இரண்டையும் ஒருசேர வைத்திருப்பவர்களுக்கும், வீட்டில் பழைய வண்டி ஒன்று புழுதி படிந்து நிற்கிறதே என்று வருந்துபவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதனை எழுதுகிறேன். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர், நுண்ணிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், பிழைக் குறியீடுகளைப் படிக்கும் சிறிய ஸ்கேனர் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் இதில் உள்ள பெரும்பாலான சோதனைகளை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

செல்ஃப் சுற்றவில்லை, அல்லது சோர்ந்து சுற்றுகிறது

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வசிப்பவர்கள் எந்த வண்டியானாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உப்புக்காற்று பேட்டரி முனைகளையும் எர்த் கம்பியின் நுனிகளையும் அரிக்கும் வேகம், கடலிலிருந்து தள்ளி இருக்கும் பகுதிகளில் இருப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரியின் மின்னழுத்தம் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் அது முழுமையாக ஏறியிருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. அடுத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, செல்ஃப் சுற்றும்போது அளக்க வேண்டும். அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். விழாமல் இருந்தும் செல்ஃப் சோர்ந்து சுற்றுகிறது என்றால் எர்த்தைச் சோதிக்க வேண்டும்: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனைத் தண்டின் மீதும், மற்றதை என்ஜின் பிளாக்கின் துருவற்ற உலோகத்தின் மீதும் வைத்துக்கொண்டு செல்ஃபைச் சுற்ற வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையிலுள்ள கம்பியிலோ இணைப்பிலோ தடை இருக்கிறது. இணைப்பைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிப் பச்சை வெள்ளைப் பூச்சைக் கரைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கிய பின் மேலே வாசலின் களிம்பு பூச வேண்டும்.

இந்தச் சோதனை இரண்டு வண்டிக்கும் பொது, அறிகுறிதான் மாறுகிறது. பத்மினியில் எர்த் கெட்டால் விளக்கு மங்கும், செல்ஃப் முனகும், அவ்வளவே. புதிய காரில் அதே குறை ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு, ஸ்டியரிங் விளக்கு, செக் என்ஜின் விளக்கு என்று ஒரே நேரத்தில் மூன்று நான்கு எச்சரிக்கைகளாக வெளிப்படும். எனக்கே அப்படி நேர்ந்தது. ஒரு பணிமனையில் இரண்டு சென்சார்களை மாற்ற வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து அளந்தபோது, என்ஜினிலிருந்து பாடிக்குச் செல்லும் எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தது. ஒரே சமயத்தில் தொடர்பில்லாத பல விளக்குகள் எரிந்தால், எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்.

பழைய வண்டிப் பழக்கங்கள் இரண்டை இங்கே விட்டுவிட வேண்டும். பேட்டரியை ஏற்றும் டைனமோ சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, என்ஜின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் பழைய மெக்கானிக்குகள் பலரிடம் உண்டு. புதிய காரில் அப்படிச் செய்தால் டைனமோவின் இடத்தில் உள்ள ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஒரு கணம் எகிறி ஈசியூவைத் தாக்கக்கூடும். இரண்டாவது, தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்வது. பத்மினிக்குப் பிளக்கில் பொறி விழும் அளவுக்குப் பேட்டரியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் போதும். புதிய காருக்கு பெட்ரோல் பம்ப், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், ஈசியூ எல்லாமே மின்சாரத்தை எதிர்பார்க்கின்றன. பேட்டரி அறவே தீர்ந்திருந்தால் தெருமுனை வரை தள்ளினாலும் பயனில்லை. கொஞ்சம் மிஞ்சியிருந்து பெட்ரோல் தெளித்தும் பிடிக்காவிட்டால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய்ச் சேருவதுதான் மிச்சம். வேறு வண்டியிலிருந்து கம்பி போட்டு மின்சாரம் எடுப்பதே முறை. அப்படி எடுக்கும்போது, 1960-கள் வரையிலான பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் நேர்முனையே பாடியோடு எர்த் செய்யப்பட்டிருக்கும் என்பதை நினைவில் வைத்து, முனைகளைப் பார்த்த பிறகே கம்பியைத் தொட வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

பழைய வண்டியில் கேள்வி இரண்டே: பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா? ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, பொறி வரவில்லை அல்லது சோக்கை (குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் இழுப்பான்) அளவுக்கு மேல் இழுத்திருக்கிறோம். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை.

பொறியைச் சோதிக்க, பிளக் வயரின் நுனியை மின்கடத்தாப் பிடியுள்ள இடுக்கியால் பிடித்து, என்ஜின் உலோகத்திலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் செல்ஃபைச் சுற்றச் சொல்ல வேண்டும். பெட்ரோல் வாடை அருகில் இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. நீல நிறத்தில் ‘சட் சட்’ என்று தெறித்தால் நல்ல பொறி. மஞ்சளாக, ஒலியின்றி விழுந்தால் பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரையோ பாயிண்டையோ சந்தேகிக்க வேண்டும். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, பாயிண்ட் முழுவதும் விலகும் நிலைக்கு என்ஜினைத் திருப்பி, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள், ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முகம் கருகியிருந்தால் மென்மையான உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் அன்றைய நாளுக்கு ஓடும். தேய்த்த சில நாளிலேயே மீண்டும் கருகினால் குற்றவாளி கண்டென்சர்தான். அதை மாற்றாமல் பாயிண்டை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் செலவு. மார்கழிக் காலையில் மட்டும் பிடிக்க மறுத்து, வெயில் ஏறியதும் தானாகப் பிடிக்கும் வண்டியில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் மயிரிழை விரிசலோ ஈரமோ இருக்கும். அதைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

புதிய காரில் பிளக் பக்கம் போவதற்கு முன் காதையும் கண்ணையும் பயன்படுத்த வேண்டும். சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, செல்ஃபைத் தொடாமல் காத்திருந்தால் பின்இருக்கைப் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி ரீங்கரிப்பது கேட்கும். கேட்கவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பம்ப் இணைப்பு என்ற வரிசையில் பாருங்கள். சாவி உருவமுள்ள விளக்கு விடாமல் மின்னினால் இம்மொபிலைசர் என்னும் திருட்டுத் தடுப்புக் கருவி சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியை எடுத்து முயலுங்கள். பம்பும் ஓடுகிறது, சாவி விளக்கும் அணைகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் ஸ்கேனரைச் செருகிக் குறியீட்டைப் படிக்க வேண்டும். என்ஜின் சுழல்வதை உணர்த்தும் கிராங்க் சென்சார் தன் சமிக்ஞையை அனுப்பாவிட்டால் ஈசியூ பொறியையும் பெட்ரோலையும் ஒருசேர நிறுத்திவிடும் என்பதால், பழைய வண்டியின் ‘பொறியா, பெட்ரோலா’ என்ற கேள்வி இங்கே நம்மைத் திசைதிருப்பிவிடும். பொறி பார்ப்பதற்காக வயரை எர்த்துக்கு அருகில் பிடிக்கும் சோதனையையும் இதில் செய்ய வேண்டாம்; அதன் உயர் மின்னழுத்தம், பொறியை உண்டாக்கும் காயிலையும் ஈசியூவையும் கெடுக்கும்.

நெரிசலில் சூடேறுகிறது, அல்லது நின்றுவிட்டு அரைமணி கழித்துத்தான் பிடிக்கிறது

துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் மே மாதப் பிற்பகலில் இந்தக் கேள்வி எழாத பழைய வண்டி இல்லை. இங்கே இரண்டு வெவ்வேறு நோய்களைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, என்ஜின் உண்மையாகவே சூடாவது. பத்மினியின் விசிறி என்ஜினோடு பெல்ட்டால் இணைந்தது. என்ஜின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகவே ஓடும், ஆகவே நிற்கும்போதுதான் காற்று மிகக் குறைவாகக் கிடைக்கும். முள் ஏறத் தொடங்கினால் நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தி விசிறியின் வேகத்தைக் கூட்டலாம். வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கலாம், அதற்கு மேல் தளர்ந்திருந்தால் இறுக்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர். மீஞ்சூர் வட்டார நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது பல ஆண்டுகளாக அறிந்த செய்தி. வடசென்னையில் பல தெருக்களில் போர்வெல் நீர் உப்பாகவே இருக்கிறது. ‘தண்ணீர்தானே’ என்று அதனை ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களின் உட்புறத்தில் உப்புப் படிந்து வழி சுருங்கும், உலோகமும் அரிக்கும். வாலை வடித்த நீரும் (டிஸ்டில்டு வாட்டர்) கூலண்டும் மட்டுமே ஊற்ற வேண்டும் என்று இரண்டு வண்டிக்கும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய செம்பு ரேடியேட்டர் அடைத்துக்கொண்டால், தொட்டியைப் பிரித்து, குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்து மீண்டும் ஈயம் வைத்துத் தரும் கைகள் இன்னும் இருக்கின்றன. அலுமினிய உடலும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்ட புதிய ரேடியேட்டரை மாற்றத்தான் முடியும். அந்த வகையில் உப்புநீரால் அதிக நட்டம் அடைவது புதிய காரே.

புதிய காரில் சூடேறினால் முதலில் பார்க்க வேண்டியது மின்விசிறி. ஏசியைப் போட்டவுடன் அது ஓடத் தொடங்க வேண்டும். ஓடவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, விசிறியின் இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்; இணைப்பின் ஊசிகள் பச்சை பூத்திருப்பது நம் பகுதியில் சாதாரணம். சிவப்பு வெப்ப விளக்கு எரிந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எந்த வண்டியானாலும் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தால் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீர், மூடி விலகிய நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும்.

இரண்டாவது நோய் பழைய வண்டிக்கே உரியது. வெப்பமுள் அபாயத்தைக் காட்டாது. ஆனாலும் வண்டி இருமி நின்றுவிடும், இருபது முப்பது நிமிடம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் பிடித்துக்கொள்ளும். என்ஜினில் பொருத்தப்பட்ட பெட்ரோல் பம்பும் குழாயும் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடுவதே காரணம். பம்ப் ஆவியை இழுக்க முடியாமல் வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். ஈரத்துணியைப் பம்பின் மீது சுற்றுவது உடனடி மருந்து. நிலையான தீர்வு, பெட்ரோல் குழாயைப் புகைக்குழாயிலிருந்து விலக்கி, வெப்பம் தாக்காத உறை போடுவதும், கார்பரேட்டருக்கு அடியில் உள்ள வெப்பத்தடைத் துண்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுமே. புதிய காரில் பம்ப் டாங்கினுள் மூழ்கியிருந்து அழுத்தத்தோடு பெட்ரோலைத் தள்ளுவதால் இந்தத் தொல்லை அநேகமாக வருவதில்லை. ஆகவே புதிய கார் இவ்வாறு நின்று நின்று பிடித்தால் ஈரத்துணியைத் தேடாமல், சூட்டில் செயலிழக்கும் கிராங்க் சென்சாரையும் ரிலேவையும் தேடுங்கள்.

சிவப்பு சார்ஜ் விளக்கு எரிகிறது

டைனமோ உள்ள பழைய வண்டியில், என்ஜின் மெதுவாக ஓடும்போது அந்த விளக்கு மங்கலாக எரிவது இயல்பு; வேகம் கூடியதும் அணைய வேண்டும். இரவில் நெரிசலில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றால் பேட்டரி இறங்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். புதிய காரில் அதே விளக்கு ஓடும்போது எரிந்தால் அது பழுதேதான். ஆல்டர்னேட்டர் மெதுவான ஓட்டத்திலும் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை தர வேண்டும்.

இழுவை குறைந்தது, மிஸ்ஸிங் இருக்கிறது

பத்மினியில் ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் மட்டும் தயங்கி, பிறகு ஓடினால் கார்பரேட்டரின் ஆக்சிலரேட்டர் பம்பைப் பாருங்கள்: ஏர் ஃபில்டரைக் கழற்றி, என்ஜின் அணைந்த நிலையில் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டர் இழுக்கும் தகடு) திறந்தால் பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீய்ச்ச வேண்டும். எல்லா வேகத்திலும் இழுவை இல்லையென்றால் தீப்பொறி விழும் நேரமான டைமிங்கையும், பிறகு வால்வுக்கு மேலுள்ள டாப்பட் இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும். அம்பாசிடர் போன்ற இரும்பு ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) கொண்ட என்ஜின்களில் சரிசெய்த இடைவெளி மீண்டும் மீண்டும் சுருங்கினால் வால்வு இருக்கை தேய்ந்து, வால்வு உள்வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஈயம் கலந்த பெட்ரோல் அந்த இருக்கைகளைக் காத்துவந்தது. 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்பனைக்கு வந்தபின், கடினமான இருக்கை பொருத்தாத ஹெட்கள் அந்தக் காப்பை இழந்தன.

புதிய காரில் செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிகிறதா, மின்னி மின்னி அணைகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு சேரலாம். மின்னினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறி, கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பழுக்கக் காய்ச்சுகிறது, நிறுத்திவிடுவதே நல்லது. ஸ்கேனர் ‘பி0301’ என்று காட்டினால் முதல் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்பது மட்டுமே அதன் பொருள், எந்தப் பாகம் கெட்டது என்பதை அது சொல்லாது. பிளக்குக்கு ஒரு காயில் உள்ள காராக இருந்தால், என்ஜினை அணைத்து, முதல் காயிலையும் இரண்டாம் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். குறியீடு ‘பி0302’ ஆக மாறினால் காயில்தான் கெட்டது. மாறாமல் முதல் சிலிண்டரிலேயே நின்றால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு காயில்களையும் மாற்றியவர்களை நான் அறிவேன். அதனாலேயே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பெட்ரோல் வாடை அடிக்கிறது

இதனைத் தள்ளிப்போடவே கூடாது. இன்று பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் குழாய்களும் வளையங்களும் அதைத் தாங்கும்படி அமைந்தவை. பத்மினியின் பழைய ரப்பர் குழாயும், பம்பின் டயஃப்ரம் என்னும் சவ்வும், கார்பரேட்டரின் நீடில் வால்வும் எத்தனாலை எண்ணி உருவானவை அல்ல. குழாயை இரு விரலால் நசுக்கிப் பாருங்கள்: பிசுபிசுப்பாகவோ, ஊதியதாகவோ, வளைத்தால் வெடிப்புத் தெரிவதாகவோ இருந்தால் அன்றே மாற்ற வேண்டும், எத்தனாலைத் தாங்கும் என்று குறிப்பிட்டு விற்கும் குழாயையே வாங்க வேண்டும். பம்பின் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் ஆயிலிலும் இறங்கும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தால் தெரிந்துவிடும்.

எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் குணமுடையது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்த நீர் டாங்கின் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். பழைய டாங்கின் உட்சுவரில் படிந்த கசடையும் எத்தனால் கிளறிக் கார்பரேட்டரின் நுண்துளையான ஜெட்டுக்கு அனுப்பும். கண்ணாடி ஃபில்டர் ஒன்றைக் குழாயில் வைத்துக்கொண்டு, அதில் பழுப்புத் தூள் சேர்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம்.

பிரேக் அமுங்குகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது

பெடல் ஆழமாக இறங்கி, இரண்டு முறை மிதித்தால் மேலேறும் பழைய வண்டியில் டிரம் பிரேக்கின் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். அட்ஜஸ்டரைத் திருகினால் சரியாகும். மிதித்துப் பிடித்தபடி இருக்கும்போதே மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் கசிகிறது. பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே திரவ வழி என்பதால், ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் முழு பிரேக்கும் போய்விடும். டிரம்மின் உட்பக்கம் நனைந்திருப்பதைக் கண்டால் வண்டியை எடுக்காதீர்கள். புதிய காரில் பெடல் திடீரெனக் கல்லாக இறுகினால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் சர்வோவுக்குச் செல்லும் வெற்றிடக் குழாயைப் பாருங்கள். ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். பெரும்பாலும் சக்கரத்தருகே உள்ள சென்சாரில் சேறோ துருவோ படிந்திருக்கும்.

மழைநீரில் நின்றுவிட்டது

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் தேங்குவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் நீர் நின்றது. நீரில் நின்றுவிட்ட எந்த வண்டியையும் உடனே செல்ஃப் அடிக்கக் கூடாது. காற்று இழுக்கும் வழியாகச் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், நீர் சுருங்காது என்பதால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது உலர்ந்திருந்தால் பத்மினிக்கு நம்பிக்கை இருக்கிறது: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பிளக் வயர்களையும் துடைத்து உலர்த்தினால் அநேகமாக ஓடிவிடும். ஃபில்டர் நனைந்திருந்தால் எல்லா பிளக்குகளையும் கழற்றி, கையால் என்ஜினைத் திருப்பி நீரை வெளியேற்றிய பிறகே அடுத்த வேலை.

புதிய காரில், இருக்கை அளவுக்கு நீர் ஏறியிருந்தால் சாவியை ‘ஆன்’ நிலைக்குக்கூடத் திருப்பாமல், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, இழுத்துச் செல்லும் வண்டியை வரவழையுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள மின்பெட்டிகள் ஈரத்தோடு மின்சாரம் பெற்றால் கெடும். மின்சாரமின்றி உலர்ந்தால் பிழைக்க வாய்ப்புண்டு.

வண்டி ஓடத் தொடங்கிய பின் டிரம் பிரேக்கை மெதுவான வேகத்தில் இலேசாக மிதித்துக்கொண்டே சிறிது தூரம் ஓட்டி உலர்த்த வேண்டும். பத்மினியில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது, பலர் மறப்பது: பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும், பின்அச்சின் டிஃபரன்ஷியல். சூடாக ஓடிய அச்சு திடீரென நீரில் மூழ்கிக் குளிரும்போது, காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நிரப்பும் திருகைக் கழற்றி விரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் வண்டியை மேலும் ஓட்டாமல் அன்றே வடித்துவிட்டுப் புதிய ஆயில் ஊற்றுங்கள்.